வானூர்திப் பயணத்தில் குழந்தைத் தள்ளுவண்டி

குழந்தைத் தள்ளுவண்டி என்பது கைக்குழந்தையையோ நடை பழகும் குழந்தையையோ அமர்த்தி அல்லது படுக்க வைத்து, பெரியவர் ஒருவர் பின்னிருந்து தள்ளிச் செல்லும் சக்கர வண்டி ஆகும். வானூர்தியில் செல்லும் குடும்பங்கள் பல இவ்வண்டியைத் தம்முடன் எடுத்துச் செல்கின்றன. பயணத்தின்போது வண்டி பெரும்பாலும் பயணியின் கண்ணில் படாத சரக்கறையில், பிற பெட்டிகளுக்கு இடையே கொண்டு செல்லப்படுகின்றது. இதனால் அதன் சட்டம், சக்கரம், மடிப்பு மூட்டு முதலியன சேதமடைவதுண்டு. வண்டியை ஒப்படைக்கும் முறைகள், பொதியும் முறைகள், சேதம் நேர்ந்தால் முறையிடும் வழி ஆகியன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. வானூர்தி நிலையத்திலிருந்து தொலைவில் அமைந்த ஊருக்கு எடுத்துக்காட்டாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூர் கொள்ளப்பட்டுள்ளது.

பெயர்

தமிழ்நாட்டில் தள்ளுவண்டி என்னும் சொல், தெருவில் காய்கறி, பழம், சிற்றுண்டி விற்போர் பயன்படுத்தும் நான்கு சக்கர வண்டியையே முதலில் குறிக்கும். ஆகவே இவ்வண்டியைக் குழந்தைத் தள்ளுவண்டி என அடைமொழியுடன் வழங்குவர். பேச்சு வழக்கில் ஸ்ட்ரோலர் என்னும் ஆங்கிலச் சொல்லே மிகுதியாகப் பயன்படுகின்றது. குழந்தையைப் படுக்க வைக்கும் பெரிய வண்டி பிராம் எனவும், குடை போல மடியும் இலேசான வண்டி பகி எனவும் அழைக்கப்படுவதுண்டு.

தமிழரிடையே வழக்கிலுள்ள நடைவண்டி இதனினின்றும் வேறானது. நடைவண்டி மூன்று மரச் சக்கரங்கள் கொண்டது. நடை பழகும் குழந்தை தானே பிடித்துத் தள்ளிச் செல்வது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகிய சிறுதேர்ப் பருவத்தில் கூறப்படும் சிறுதேரும் குழந்தை உருட்டி விளையாடும் பொருளே ஆகும். குழந்தையை அமர்த்திப் பெரியவர் தள்ளும் வண்டி ஐரோப்பாவில் தோன்றிப் பரவியது.

வரலாறு

1733-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் கென்ட் என்னும் வடிவமைப்பாளர், மூன்றாம் டெவன்சயர் கோமகனின் குழந்தைகளுக்காக ஒரு சிறு வண்டியைச் செய்தார். அது ஆடு அல்லது குட்டைக் குதிரை இழுக்கத்தக்கதாக அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் இழுக்கும் வண்டி, கைப்பிடி கொண்டு தள்ளும் வண்டியாக மாறியது. 1889-இல் அமெரிக்காவின் வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரை நோக்கியோ வெளிப்புறம் நோக்கியோ இருக்குமாறு திருப்பத்தக்க வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கால வண்டிகள் கனமானவை. எளிதில் மடிக்க இயலாதவை.

இன்றைய பயண வண்டியின் முன்னோடி 1965-இல் உருவானது. அதனை வடிவமைத்த ஓவன் மெக்லாரன் (1907-1978) ஒரு வானூர்திப் பொறியாளர். இவர் இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட ஸ்பிட்பயர் போர் வானூர்தியின் மடியும் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். வெளிநாட்டிலிருந்து வந்த தம் மகள் கனமான குழந்தை வண்டியுடன் பட்ட இடரைக் கண்டு இவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். அலுமினியக் குழாய்களால் ஆகிய அவ்வண்டி குடை போல மடிந்தது. அதன் எடை ஏறத்தாழ 2.7 கிலோகிராம் மட்டுமே. மடியும் குழந்தை வண்டியின் அமைப்பு இவ்வாறு வானூர்தித் தொழில்நுட்பத்திலிருந்து பெறப்பட்டது எனலாம்.

வகைகள்

வானூர்தியில் ஏற்றும் நோக்கில் வண்டிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

குடை மடிப்பு வண்டி: மடித்தபின் நீண்ட கட்டுப் போல ஆகும். எடை குறைவு. ஆயினும் கைப்பிடிகளும் முன்சக்கரங்களும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எளிதில் அடிபடும்.

கைப்பொதி அளவு வண்டி: பயணியர் அறையின் மேல்தட்டில் வைக்கத்தக்க அளவுக்கு மடிவது. பிரான்சில் 2012-இல் அறிமுகமான பேபிசென் யோயோ என்னும் வண்டி மடித்தபின் 52 x 44 x 18 செ.மீ. அளவுடையது. ஜிபி பாக்கிட் என்னும் வண்டி 2014-இல் மிகச் சிறிதாக மடியும் வண்டி என்னும் கின்னஸ் சாதனையைப் பெற்றது. அதன் மடிப்பளவு 30 x 18 x 35 செ.மீ. ஆகும்.

முழு அளவு வண்டி: அகன்ற இருக்கையும் பெரிய சக்கரங்களும் உடையது. எடை 10 கிலோகிராமுக்கு மேற்படுவதுண்டு. இதனைச் சரக்கறையில் மட்டுமே ஏற்ற இயலும்.

காற்றுச் சக்கர வண்டி: கரடுமுரடான பாதைக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் உரியது. மூன்று சக்கரங்களும் காற்றடைத்த டயர்களும் கொண்டது.

இணைப்பு வண்டி: மகிழுந்தில் பொருத்தும் குழந்தை இருக்கையைச் சட்டத்தின்மீது மாட்டத்தக்கது.

ஒப்படைக்கும் முறைகள்

பயணச்சீட்டு விதிகளில் இரண்டு வயது நிறைவடையாத குழந்தை கைக்குழந்தையாகக் கொள்ளப்படுகின்றது. மடிக்கத்தக்க ஒரு தள்ளுவண்டியைக் கட்டணமின்றி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல வானூர்தி நிறுவனங்களில் உள்ளது. எடை வரம்பும் ஒப்படைக்கும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொதுவாக மூன்று முறைகள் வழக்கிலுள்ளன.

1. பதிவு முகப்பில் ஒப்படைத்தல். வண்டி மற்றப் பெட்டிகளுடன் சுழல்பட்டையில் அனுப்பப்படும். பயணியின் கை காலியாகும். ஆனால் குழந்தையை வானூர்தி புறப்படும்வரை தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். வண்டி பல பட்டைகளையும் கைகளையும் கடப்பதால் அடிபடும் வாய்ப்பு மிகுதி.

2. ஏறுவாயிலில் ஒப்படைத்தல். வானூர்தியின் கதவு அல்லது படிக்கட்டின் அடிவரை குழந்தையை வண்டியில் கொண்டு செல்லலாம். அங்கு வண்டி மடிக்கப்பட்டுச் சரக்கறைக்குக் கொண்டு செல்லப்படும். சேருமிடத்தில் வண்டி கதவருகே தரப்படும் என்பது உறுதியன்று. சில நிலையங்களில் அது பொதிகள் வரும் சுழல்பட்டைக்கோ பெரிய பொருட்களுக்குரிய தனியிடத்துக்கோ அனுப்பப்படுகின்றது. இடையில் வானூர்தி மாறுவோர், வண்டி இடை நிலையத்தில் கிடைக்குமா, இறுதி நிலையத்தில் கிடைக்குமா என்பதை முதல் நிலையத்திலேயே கேட்டறிதல் வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி, துபாய் ஆகிய நிலையங்களில் பயணிகளின் பயன்பாட்டுக்கு இலவச வண்டிகள் வைக்கப்பட்டுள்ளன.

3. பயணியர் அறையில் எடுத்துச் செல்லுதல். வண்டி பயணியின் பொறுப்பிலேயே இருப்பதால் சேதம் குறைவு. இந்திய உள்நாட்டுப் பயணங்களில் கைப்பொதிக்கு 7 கிலோகிராம் எடையும், நீளம், அகலம், உயரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 115 செ.மீ. என்னும் அளவும் பொதுவான வரம்புகளாக உள்ளன. யோயோ வண்டியின் கூட்டுத்தொகை 114 செ.மீ. ஆகும். எனினும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரம்பு வைக்கும் நிறுவனங்களில் அதன் 44 செ.மீ. அகலம் மிகுதியாகிவிடும். மேலும் ஏடிஆர் போன்ற சிறிய வானூர்திகளில் மேல்தட்டு குறுகியது. இறுதி முடிவு வானூர்திப் பணியாளரைச் சார்ந்தது.

சேதத்தின் காரணங்கள்

அகன்ற உடல் கொண்ட பெரிய வானூர்திகளில் பொதிகள் உலோகப் பெட்டகங்களில் அடுக்கி ஏற்றப்படுகின்றன. குறுகிய உடல் கொண்ட வானூர்திகள் பலவற்றில் பணியாளர் சரக்கறைக்குள் குனிந்து நின்று பொதிகளைக் கையால் அடுக்குவர். அந்நிலையில் மடித்த வண்டியின்மீது கனமான பெட்டிகள் அமர நேரிடும். தள்ளுவண்டியின் சட்டம் குழந்தையின் எடையை மேலிருந்து கீழாகத் தாங்குமாறு அமைக்கப்பட்டது. மடித்துப் பக்கவாட்டில் கிடக்கும்போது வரும் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு.

பட்டைகளின் இடைவெளியில் சக்கரம் சிக்குதல், மடிப்புப் பூட்டு நடுவழியில் திறந்துகொள்ளுதல், கோப்பைத் தாங்கி, மழைத்திரை, முன்கம்பி போன்ற கழலும் உறுப்புகள் தொலைதல் ஆகியன பிற காரணங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் சென்னையில், திறந்தவெளியில் காத்திருக்கும் வண்டியின் துணி நனைவதும் உண்டு.

காற்றடைத்த டயர் பறக்கும்போது வெடிக்கும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. பயணிகள் வானூர்தியின் சரக்கறையும் அழுத்தம் பேணப்படும் பகுதியே ஆகும். அங்குள்ள அழுத்தம் பொதுவாக 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே செல்வதில்லை. அது கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. எனவே டயரின் உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு கால் வளிமண்டல அளவே கூடும். நல்ல நிலையிலுள்ள டயர் இதனைத் தாங்கும். ஆயினும் காற்றைச் சிறிது குறைத்து வைப்பது பாதுகாப்பானது.

பாதுகாக்கும் முறைகள்

- கழலும் உறுப்புகள் அனைத்தையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தல். சக்கரம் கழலும் வகையாயின் அதனையும் கழற்றலாம்.
- மடித்த வண்டியைப் பூட்டியபின், பட்டை அல்லது கயிற்றால் இரண்டு இடங்களில் கட்டுதல். பூட்டு திறந்துகொண்டாலும் வண்டி விரியாது.
- கைப்பிடி, மூட்டு, சக்கர அச்சு ஆகிய நீட்டிய பகுதிகளைத் துணியால் சுற்றுதல். பழைய பருத்திப் புடவை இதற்கு ஏற்றது.
- உறையில் இடுதல். மெல்லிய உறை அழுக்கையும் கீறலையும் மட்டுமே தடுக்கும். அடியைத் தாங்கத் திணிப்பு வைத்த உறை தேவை. கடையில் கிடைக்காவிடின், தார்ப்பாய்த் துணியில் பழைய போர்வையை உள்வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.
- உறையிலும் வண்டியின் சட்டத்திலும் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கட்டுதல். உறை கிழிந்தாலும் வண்டி அடையாளம் காணப்படும்.
- ஒப்படைக்கும் முன்பு, மடிக்காத நிலையிலும் மடித்த நிலையிலும் ஒளிப்படம் எடுத்தல். வாங்கிய பற்றுச்சீட்டின் படியையும் வைத்திருத்தல் வேண்டும்.

மகிழுந்துக் குழந்தை இருக்கையைச் சரக்கறையில் அனுப்புவதைத் தவிர்ப்பது நல்லது. பலத்த அடிபட்ட இருக்கையில் வெளியே தெரியாத விரிசல் ஏற்பட்டிருக்கக்கூடும். அது விபத்தின்போது குழந்தையைக் காக்கத் தவறும்.

பாதுகாப்புச் சோதனையும் மின்கலமும்

சோதனைச் சாவடியில் குழந்தையை வண்டியிலிருந்து எடுத்துக் கையில் ஏந்திச் செல்ல வேண்டும். வண்டி மடிக்கப்பட்டு ஊடுகதிர்ச் சோதனைக்கு உட்படும். கருவிக்குள் நுழையாத வண்டி கையால் சோதிக்கப்படும். எனவே ஏறுவாயிலில் ஒப்படைக்க இருக்கும் வண்டியைச் சோதனைக்கு முன்பே உறையிட்டுக் கட்டுதல் பயனற்றது.

வண்டியின் பைகளில் வைக்கப்படும் பவர் பேங்க், உதிரி லித்தியம் மின்கலம் ஆகியவற்றைச் சரக்கறையில் அனுப்புவது பன்னாட்டு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அவை தீப்பற்றும் இயல்புடையவை. வெயில் மிகுந்த ஊர்களில் வண்டியில் மாட்டப்படும் சிறு மின்விசிறியும் பெரும்பாலும் லித்தியம் மின்கலத்தால் இயங்குவது. வண்டியை ஒப்படைக்கும் முன் இவற்றை எடுத்துக் கைப்பையில் வைத்தல் வேண்டும். மின்னோடி பொருத்திய வண்டியாயின் மின்கலம் கழற்றத்தக்கதா என்பதை நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மடிக்கும்போது விரல் காத்தல்

ஏறுவாயிலில் வரிசை நகரும் அவசரத்தில் வண்டி மடிக்கப்படுகின்றது. அப்போது குழந்தையின் விரல் மூட்டில் அகப்படும் அபாயம் உண்டு. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டிகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. மடிப்பு மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டிக்கப்பட்ட 12 நிகழ்வுகள் அதற்குக் காரணமாயின. மூட்டை மறைக்கும் உறைகள் உரிமையாளர்களுக்கு வழங்கப்பட்டன. குழந்தையை மற்றொருவர் கையில் கொடுத்தபின் வண்டியை மடிப்பதே முறையாகும். தனியே செல்பவர் குழந்தையை மார்போடு கட்டும் துணியில் இட்டுக்கொள்ளலாம்; குழந்தையின் கை மூட்டினருகே வராமல் பார்த்துக்கொள்ளலும் வேண்டும்.

பொறுப்பும் இழப்பீடும்

பன்னாட்டுப் பயணத்தில் பொதிகளின் பொறுப்பு 1999-ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் உடன்படிக்கையால் வரையறுக்கப்படுகின்றது. இந்தியாவில் இது 2009-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இதற்கென 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது.

உடன்படிக்கையின்படி, ஒப்படைக்கப்பட்ட பொதி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த காலத்தில் சேதமடைந்தால், நிறுவனத்தின் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் நிறுவனமே பொறுப்பாகும். பொதியின் இயல்பான குறைபாட்டால் வந்த சேதத்துக்கு விலக்கு உண்டு. பயணி தன்னுடன் வைத்திருந்த பொருளாயின், நிறுவனத்தின் தவறே காரணம் எனக் காட்டப்பட வேண்டும். ஆகவே ஏறுவாயிலில் வண்டியைத் தரும்போது பொதிச்சீட்டு கட்டப்பட்டதா எனப் பார்த்து, அதன் மறுபாதியைப் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. வண்டி ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு அச்சீட்டே சான்றாகும்.

உறையில்லாத வண்டிக்குப் பொறுப்பில்லை என்னும் வாசகத்தில் கையொப்பம் கேட்கப்படுவதுண்டு. உடன்படிக்கை விதிக்கும் பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கும் ஒப்பந்த விதி செல்லாது என அதன் 26-ஆம் உறுப்பு கூறுகின்றது.

முறையிடும் காலம் குறுகியது. சேதத்தைக் கண்டவுடனும், மிஞ்சினால் பொதியைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தாமதமாக வந்து சேர்ந்த பொதிக்கு இக்காலம் 21 நாட்கள். முறையீடின்றிப் பெற்றுக்கொள்ளப்பட்ட பொதி நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்றே முதற்கண் கொள்ளப்படும். வழக்குத் தொடுக்கும் காலம் இரண்டு ஆண்டுகள்.

இழப்பீட்டின் உச்ச வரம்பு பயணி ஒருவருக்கு, அவருடைய எல்லாப் பொதிகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றது. தொடக்கத்தில் 1,000 சிறப்பு எடுப்புரிமை அலகாக இருந்த இவ்வரம்பு 2009-இல் 1,131, 2019-இல் 1,288 என உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆக உள்ளது. இது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்களுக்கு இணையானது. இந்திய உள்நாட்டுப் பயணத்துக்கு, 2019-இல் வெளியான பயணிகள் சாசனத்தில் 20,000 ரூபாய் வரம்பு குறிக்கப்பட்டது. இவை உச்ச வரம்புகள் மட்டுமே. பயணி மெய்ப்பிக்கும் இழப்பே தரப்படும்.

திருக்கோவிலூர் எடுத்துக்காட்டு

திருக்கோவிலூர் தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த பழைமையான ஊர். உலகளந்த பெருமாள் கோவிலும் அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாகிய வீரட்டேசுவரர் கோவிலும் இங்குள்ளன. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அம்மாவட்டத்தில் வானூர்தி நிலையம் இல்லை.

ஊருக்கு அண்மையிலுள்ள நிலையம் 80 கி.மீ. அளவு தொலைவிலுள்ள புதுச்சேரி ஆகும். அங்கிருந்து சிறிய ஏடிஆர் வானூர்திகளின் உள்நாட்டுப் பயணங்கள் உள்ளன. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா முதலியவற்றுக்குச் செல்வோர் சென்னை அல்லது திருச்சிராப்பள்ளி நிலையத்தையே நாட வேண்டும். திருச்சிராப்பள்ளியின் புதிய முனையம் 2024 சூனில் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை நிலையம் திருக்கோவிலூரிலிருந்து 200 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது. சாலை வழியே நான்கு மணி நேரம் அளவு ஆகும். தொடர்வண்டியில் வருவோர் விழுப்புரம் வழியாகத் தாம்பரம் சேர்ந்து, அங்கிருந்து புறநகர்த் தொடர்வண்டியில் நிலையத்தின் எதிரேயுள்ள திரிசூலத்தில் இறங்கலாம். இவ்வழியில் வண்டியைப் பலமுறை மடித்துத் தூக்க வேண்டியிருக்கும்.

இத்தொலைவே சேத முறையீட்டில் பெரிய தடையாகின்றது. நள்ளிரவில் வந்திறங்கும் குடும்பம், உறங்கும் குழந்தையுடன் பொதிகளை அள்ளிக்கொண்டு வெளியேறி, விடியலில் ஊர் சேர்ந்தபின் உறையைப் பிரிக்கும்போதே உடைந்த சக்கரம் தெரிய வரும். மீண்டும் நிலையத்துக்குச் சென்று வருவதற்கு ஒரு நாள் முழுதும் செலவாகும். வாடகை மகிழுந்தின் கட்டணம் வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும். எனவே சுழல்பட்டையின் அருகிலேயே உறையைப் பிரித்து, வண்டியை விரித்து, நான்கு சக்கரங்களும் உருளுகின்றனவா, பூட்டும் தடையும் பிடிக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். குறையிருப்பின் சுங்கப் பகுதியைக் கடக்கும் முன்பே நிறுவனத்தின் முகப்பில் பி.ஐ.ஆர். எனப்படும் பொதிக் குறைபாட்டு அறிக்கையைப் பதிந்து அதன் எண்ணைப் பெற வேண்டும். இதற்குப் பத்து அல்லது இருபது நிமிடங்களே ஆகலாம். ஊர் சேர்ந்தபின் சேதம் தெரிய வந்தாலும் உரிமை போய்விடுவதில்லை. 7 நாட்களுக்குள் ஒளிப்படங்களுடன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் சேதம் வழியில் நேரவில்லை என்பதைக் காட்டுவது அப்போது கடினமாகும்.

உள்நாட்டுப் பயணம் தொடர்பான முறையீடு தீராவிடின், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பயணி தாம் வாழும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிலையம் உள்ள நகருக்குச் செல்ல வேண்டியதில்லை.

மாற்று வழிகள்

வண்டியை எடுத்துச் செல்லாமலிருப்பதும் ஒரு வழியாகும். சிறிய சக்கர வண்டி சமதளமான நடைபாதைக்கு உரியது. மண் தெருவிலும் கோவிலின் கற்படிகளிலும் கல்வராயன் மலைப் பாதைகளிலும் அது பயன்படாது. ஊரில் குழந்தையை இடுப்பில் ஏந்திச் செல்வதும், புடவையில் தூளி கட்டி உறங்க வைப்பதும் இன்றும் வழக்கிலுள்ளன. விடுமுறைக்குச் சில வாரங்கள் மட்டும் ஊர் வருவோர், விலை உயர்ந்த வண்டியை விட்டுவிட்டு இலேசான குடை மடிப்பு வண்டியை எடுத்து வருவதும், மார்போடு கட்டும் துணியைப் பயன்படுத்துவதும் உண்டு. நீண்ட பன்னாட்டுப் பயணங்களில் முன்சுவரில் மாட்டும் குழந்தைத் தொட்டிலைப் பல நிறுவனங்கள் முன்பதிவின் பேரில் தருகின்றன. ஆயினும் பெரிய நிலையங்களில் நடக்க வேண்டிய தொலைவு மிகுதியாதலால், தனியே குழந்தையுடன் செல்பவருக்கு வண்டி பெருந்துணையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- நடைவண்டி
- தூளி
- பிள்ளைத்தமிழ்
- மொண்ட்ரியால் உடன்படிக்கை
- சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையம்
- திருக்கோவிலூர்